ஆறு மணி நேர ராத்திரி

ஞாயிறு காலை ஏழரை மணிக்குப் பெசன்ட் நகர் டீக்கடைகள் ஓட்டக்காரர்களுக்குச் சொந்தம். எலியட்ஸ் கடற்கரையில் கிளம்பி ஈசிஆர் வரை போய்த் திரும்பியவர்கள், நனைந்த சட்டையோடு ஆளுக்கொரு கண்ணாடி கிளாஸைப் பிடித்தபடி நிற்பார்கள். ஒரு வாரம் அப்படி நின்றிருந்தபோது, எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி என்னைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப்போய்க் கேட்டான்.

“அண்ணா, வர்ற சனிக்கிழமை ராத்திரி மாமா பையனுக்கு சென்ட் ஆஃப். கனடா போறான். ஞாயித்துக்கிழமை எனக்கு முதல் ஃபுல். ஒரே ஒரு பீர் அடிச்சா ஒண்ணும் ஆயிடாதுல்ல?”

அவன் தயங்கியதன் காரணம் எனக்குத் தெரியும். இதைக் கேட்டால் இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். “ஓடறவன் இதையெல்லாம் தொடலாமா?” என்று ஒருவர் உபதேசம் செய்வார். “ஒரு பீர்தானே, விடு” என்று இன்னொருவர் தோளில் தட்டுவார். நாலு மாதம் உழைத்து 42 கிலோமீட்டருக்குத் தயாரான பையனுக்கு இரண்டுமே பயன்படாது. அவனுக்கு வேண்டியது ஒரு கணக்கு. எவ்வளவு குடித்தால் எத்தனை மணிக்கு அது உடம்பைவிட்டுப் போகும், போகிறவரை உடம்பில் எந்தெந்த வேலை நின்றுகிடக்கும் என்கிற கணக்கு. மாஸ்டரிடம் இன்னும் இரண்டு டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தோம்.

“ஒரு பீர்னா எது? லைட்டா, ஸ்ட்ராங்கா?”

“கெடைக்கறதைத்தானே குடிக்கணும். ஸ்ட்ராங்தான் இருக்கும்.”

முதல் முடிச்சு இங்கேதான் விழுகிறது. நம் ஊரில் பாட்டில் என்றால் 650 மில்லி. சாதாரண பீரில் ஆல்கஹால் 5 சதவீத அளவில் இருக்கும். ஸ்ட்ராங் என்று விற்பதில் 8 சதவீதம் வரை இருக்கும். ஆல்கஹால் தண்ணீரைவிட லேசானது, ஒரு மில்லி ஏறத்தாழ 0.79 கிராம். பெருக்கிப் பாருங்கள். 5 சதவீத பாட்டிலில் சுமார் 26 கிராம் ஆல்கஹால், 8 சதவீத பாட்டிலில் சுமார் 41 கிராம். வெளிநாட்டு ஓட்டப் புத்தகங்களில் “முந்தின இரவு ஒரு பீர் பரவாயில்லை” என்ற வரியைப் படிக்கிறோமே, அதை எழுதியவர் மனத்தில் இருப்பது 330 மில்லி சின்ன பாட்டில். அதில் 13 கிராம்தான் இருக்கும். நம் கையில் இருக்கும் ஒரு ஸ்ட்ராங், அவர் சொல்லும் பீரில் மூன்றுக்குச் சமம். “ஒன்று” என்கிற சொல் ஒன்றேதான், உள்ளே இருக்கும் சரக்கு மூன்று மடங்கு.

இரண்டாவது முடிச்சு கல்லீரல். குடித்த ஆல்கஹாலில் பெரும்பகுதியைக் கரைத்து முடிக்க வேண்டியது அதன் பொறுப்பு. மூச்சிலும் சிறுநீரிலும் வியர்வையிலும் போவது கொஞ்சம்தான். கல்லீரலுக்கு ஒரு நடை உண்டு, அதை யாராலும் விரட்ட முடியாது. சுமார் 70 கிலோ எடையுள்ள ஆணுக்கு மணிக்கு 7 கிராம் அளவில் கரையும். சிலருக்குக் கொஞ்சம் வேகம், சிலருக்குக் கொஞ்சம் மெதுவு. பச்சைத் தண்ணீரில் குளித்தாலும், கருப்புக் காபி குடித்தாலும், எலுமிச்சை பிழிந்து குடித்தாலும் இந்த நடை மாறாது.

“ஓடி நல்லா வேர்த்தா எறங்கிடும்னு சொல்றாங்களே?”

இறங்காது. வேர்வையில் போவது பெரும்பாலும் உப்பும் தண்ணீரும்தான். ஆல்கஹால் தன் வரிசைப்படி கல்லீரலுக்காகத்தான் காத்திருக்கும்.

இப்போது கடிகாரத்தை வைத்துப் பார்ப்போம். ராத்திரி 8 மணிக்குத் தொடங்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சாதாரண பீரின் 26 கிராம் கரைய நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும், நள்ளிரவுக்குள் முடிந்துவிடும். ஒரு ஸ்ட்ராங்கின் 41 கிராமுக்கு ஆறு மணி நேரம், அதாவது 2 மணி. இரண்டு ஸ்ட்ராங் என்றால் 82 கிராம். அதற்குப் பதினொன்றரை மணி நேரத்துக்கு மேல் வேண்டும். காலை ஏழரை ஆகிவிடும்.

சென்னை மாரத்தானில் முழுத் தூரக்காரர்கள் அதிகாலை 4 மணிக்கெல்லாம் நேப்பியர் பாலத்தருகே கிளம்பிவிடுகிறார்கள். அந்த நேரத்தில், இரண்டு ஸ்ட்ராங் குடித்த 70 கிலோ ஆளின் ரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் ஓடிக்கொண்டிருக்கும். நம் நாட்டில் வண்டி ஓட்டுகிறவருக்குச் சட்டம் வைத்திருக்கும் எல்லை 30 மில்லிகிராம். வீட்டிலிருந்து 3 மணிக்கு பைக் எடுக்கும்போது இன்னும் மோசம், அந்த எல்லையைப் போல இரண்டு மடங்கு இருக்கும். தூங்கி எழுந்து, பல் துலக்கி, குளித்து, ஓட்ட எண் அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு, தான் தெளிவாக இருப்பதாக நம்பியே அவர் கிளம்புவார். முந்தின ராத்திரி ஓட்டாமல் ஆட்டோவில் வந்த பொறுப்பான ஆளாகக்கூட இருப்பார். காலையில் அவருக்குச் சந்தேகம் வராது. அதனால்தான் ஓட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

இந்தக் கணக்கு ஆண்களுக்குப் போட்டது. ஒரே எடையுள்ள பெண்ணின் உடம்பில் தண்ணீரின் பங்கு குறைவு. அதனால் அதே அளவு குடித்தாலும் ரத்தத்தில் செறிவு கூடும். எடை குறைந்த ஆண்களுக்கும் இப்படித்தான். 55 கிலோ ஓட்டக்காரர் 80 கிலோ நண்பரோடு சரிக்குச் சரி குடித்தால், இருவரும் குடித்தது ஒரே கணக்கு ஆகாது.

தம்பி கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு எல்லோரும் கேட்கும் கேள்வியைக் கேட்டான். “ஆனா பெரிய பெரிய ரன்னர்ஸே குடிச்சிட்டு ஓடியிருக்காங்களே அண்ணா?”

ஓடியிருக்கிறார்கள். மாரத்தானின் ஆரம்ப காலத்தில் மது, ஓட்டத்துக்கு மருந்து என்றே நம்பினார்கள். 1904-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் தாமஸ் ஹிக்ஸ் தள்ளாடியபோது, உடன் வந்தவர்கள் அவருக்குத் தண்ணீர் கொடுக்க மறுத்து, முட்டை வெள்ளைக்கருவோடு ஸ்ட்ரிக்னின் என்ற நஞ்சையும் பிராந்தியையும் கொடுத்தார்கள். அவர் வென்றார், ஆனால் முடிவுக்கோட்டில் தாங்கிப் பிடிக்க வேண்டிய நிலையில் வென்றார். நான்கு ஆண்டுகள் கழித்து லண்டனில் தென்னாப்பிரிக்காவின் சார்லஸ் ஹெஃபரன் முன்னணியில் இருந்தார். முடிவுக்குச் சுமார் இரண்டு மைல் இருக்கும்போது யாரோ நீட்டிய ஷாம்பெயினைக் குடித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டது. பின்னால் வந்தவர்கள் முந்திப் போய்விட்டார்கள்.

1972-இல் மியூனிக்கில் தங்கம் வென்ற அமெரிக்கர் ஃப்ராங்க் ஷார்ட்டர் முந்தின இரவு பீர் குடித்தார் என்ற பேச்சு ஓட்டக்காரர்கள் நடுவே இன்றும் உண்டு. அதை வைத்துத்தான் பலர் தங்களைச் சமாதானம் செய்துகொள்கிறார்கள். அந்த மாரத்தான் எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று யாரும் கேட்பதில்லை. பிற்பகல் 3 மணிக்கு. பாஸ்டன் மாரத்தான் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நண்பகல் வாக்கில்தான் கிளம்பியது. 2007-இல்தான் காலை 10 மணிக்கு மாற்றினார்கள். முந்தின இரவு 9 மணிக்குக் கடைசி மடக்கு குடித்தவருக்கு மறுநாள் பிற்பகல் 3 மணி வரை 18 மணி நேரம் இருக்கிறது. அதற்குள் கல்லீரல் வேலையை முடித்துவிடும், இரண்டு வேளை சாப்பாடு உள்ளே போயிருக்கும், தூக்கமும் முடிந்திருக்கும்.

நமக்கு அந்தச் சலுகை கிடையாது. நம் வெயிலும் கடற்காற்றின் ஈரப்பதமும் சேர்ந்து, ஓட்டத்தை அதிகாலைக்குத் தள்ளிவிட்டன. ஜனவரியிலேயே எட்டு மணிக்கு மேல் சாலை சுட ஆரம்பித்துவிடும். டாஸ்மாக் கடை ராத்திரி 10 மணிக்கு மூடுகிறது. கடைசி மடக்கு அந்த வாக்கில் என்று வைத்துக்கொண்டால், அதற்கும் 4 மணிக்கும் இடையில் ஆறு மணி நேரம். அவர்கள் சொல்லும் “முந்தின இரவு” முழு ராத்திரியும் அரைப் பகலும் சேர்ந்தது. நம்முடையது ஆறு மணி நேர ராத்திரி. அறிவுரையை அப்படியே இறக்குமதி செய்யும்போது இந்த வித்தியாசத்தைச் சுங்கத்திலேயே விட்டுவிடுகிறோம்.

அந்த ஆறு மணி நேரத்தில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

எல்லோரும் முதலில் சொல்வது நீர்ச்சத்து. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி வாசோப்ரெசின் என்ற ஹார்மோனை விடுகிறது. ‘தண்ணீரை வீணாக்காதே’ என்று சிறுநீரகத்துக்குச் சொல்லும் ஹார்மோன் அது. ஆல்கஹால் அதை அடக்கிவிடும். ஒரு கிராம் ஆல்கஹாலுக்குச் சுமார் 10 மில்லி சிறுநீர் கூடுதலாகப் போகும் என்பது 1940-களிலேயே அளந்து சொன்ன கணக்கு. ஒரு ஸ்ட்ராங்குக்கு 400 மில்லி. ஆனால் அந்த பாட்டிலிலேயே அதைவிட அதிகத் தண்ணீர் இருக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். விஸ்கியோடு ஒப்பிட்டால் பீரின் நீரிழப்பு சிறியது, தண்ணீர் குடித்தால் பெரும்பாலும் சரிசெய்யலாம். பீர் குடித்தவரின் பெரிய இழப்பு வேறு இடத்தில் நடக்கிறது. அது சர்க்கரை.

கல்லீரலில் சுமார் 100 கிராம் அளவுக்கு கிளைகோஜன் சேர்த்துவைத்திருக்கிறோம். தூங்கும்போதும் மூளைக்குக் குளுக்கோஸ் வேண்டும். ஒரு நாளைக்கு மூளை மட்டும் சுமார் 120 கிராம் கேட்கும். அதனால் ராத்திரி முழுக்க கல்லீரல் தன் இருப்பிலிருந்து கொடுத்துக்கொண்டே இருக்கும். விடியும்போது பாதிக்கு மேல் காலியாகிவிடும். தசையில் இருக்கும் கிளைகோஜன் தசைக்குத்தான், ரத்தத்துக்குத் திரும்பி வராது. ஆகவே கல்லீரல் இரண்டாவது வேலையைத் தொடங்குகிறது. தசையிலிருந்து வரும் லாக்டேட், கொழுப்பிலிருந்து வரும் கிளிசரால், புரதத்தின் அமினோ அமிலம் ஆகியவற்றிலிருந்து புதிதாகக் குளுக்கோஸ் சமைக்கிறது.

கல்லீரலை ஒற்றை அடுப்பு உள்ள சமையலறையாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆல்கஹாலை உடம்பில் சேமித்துவைக்க முடியாது, அது நஞ்சு. அதனால் அது வந்துவிட்டால் மற்ற பாத்திரங்களை இறக்கிவைத்துவிட்டு அதைத்தான் முதலில் ஏற்ற வேண்டும். ஆல்கஹாலை உடைக்கும்போது கல்லீரல் செல்லுக்குள் நிகழும் வேதி மாற்றம், புதிதாகக் குளுக்கோஸ் சமைக்கும் வழியை அடைத்துவிடுகிறது. இருப்பு குறைந்துகொண்டே போகிறது, சமையலும் நின்றுவிட்டது. இந்த நிலையில், “வயிறு காலியா இருந்தாத்தான் ஓட வசதி” என்று ஒரு வாழைப்பழம்கூடச் சாப்பிடாமல் ஒருவர் கோட்டில் வந்து நிற்கிறார். முப்பதாவது கிலோமீட்டரில் சுவரில் மோதுவது போல் நிற்பதாகச் சொல்வார்களே, அந்தச் சுவர் இவருக்கு மிக முன்னாலேயே எழும்பிவிடும்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது புத்தகம் இல்லை. பத்து வருஷத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, அலுவலக நண்பரின் பிரிவு விருந்தில் இரண்டு ஸ்ட்ராங் குடித்தேன். சோற்றையும் சரியாகத் தொடவில்லை. மறுநாள் 28 கிலோமீட்டர் பயிற்சி, நாலரை மணிக்குக் கிளம்பிவிட்டேன். போகும்போது ஒன்றும் தெரியவில்லை. திரும்பி வரும் வழியில் நீலாங்கரை தாண்டியதும் கை நடுங்க ஆரம்பித்தது. குளிர்ந்த வேர்வை. எதிரே வரும் வண்டியின் விளக்கு இரண்டு இரண்டாகத் தெரிந்தது. நடைபாதை ஓரத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரப் பெரியவர் ஒன்றும் கேட்கவில்லை. டீயில் சர்க்கரையை அள்ளிப் போட்டு, ஒரு பன்னையும் கையில் கொடுத்து, “மெதுவா சாப்பிடு தம்பி” என்றார். கால் மணி நேரத்தில் கண் தெளிந்தது. அங்கே அந்தக் கடை இல்லாமல், நான் சாலையைக் கடந்துகொண்டிருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

எங்கள் குழுவில் நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ஓட வந்தவர்களில் பலர் சர்க்கரை நோய்க்காகவே ஓட வந்தவர்கள். இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களுக்கும், இன்சுலினைத் தூண்டும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் நான் மேலே சொன்னது இரட்டிப்பு ஆபத்து. ஆல்கஹால் ஒரு பக்கம் சர்க்கரை வரும் வழியை அடைக்கும், மருந்தும் ஓட்டமும் மறுபக்கம் இருப்பதை இழுக்கும். தாழ்ந்த சர்க்கரையின் தள்ளாட்டமும் போதையின் தள்ளாட்டமும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். உதவிக்கு வருகிறவரே தவறாகப் புரிந்துகொள்வார். அவர்களுக்கு மட்டும் நான் கணக்குச் சொல்வதில்லை. அந்த வாரம் வேண்டாம் என்று கையைப் பிடித்துச் சொல்கிறேன்.

“பீர்ல கார்ப்ஸ் இருக்கே அண்ணா, கார்போ லோடிங் மாதிரி ஆகாதா?”

நல்ல கேள்வி. பீரில் 100 மில்லிக்கு மூன்று, நான்கு கிராம் மாவுச்சத்து இருக்கும். ஒரு முழு பாட்டிலுக்கு இருபது கிராம் சொச்சம். அதை இரண்டு, மூன்று இட்லி கொடுத்துவிடும். பாட்டிலின் கலோரியில் பெரும்பங்கு ஆல்கஹாலிலிருந்து வருவது. கிராமுக்கு 7 கலோரி என்றாலும், அது தசையில் கிளைகோஜனாகப் போய்ச் சேராது. இதைவிடப் பெரிய நஷ்டம் தட்டில் நடக்கிறது. பீரோடு வருவது வறுத்த கடலை, சிக்கன் 65, காரம். சோறு ஒதுங்கிவிடும். ஓட்டத்துக்கு முந்தின ராத்திரி கால்களுக்குத் தேவைப்பட்ட அந்த இரண்டு கிண்ணம் ரசம் சாதத்தின் இடத்தை பீர் பிடித்துக்கொள்கிறது. குடித்ததால் வரும் கெடுதல் பாதி, குடித்ததால் சாப்பிடாமல் விட்டது பாதி.

அடுத்தது தூக்கம். குடித்தால் சீக்கிரம் கண் சொருகும், அதனால் நன்றாகத் தூங்கியது போலத் தோன்றும். உண்மையில் கனவு வரும் ஆர்ஈஎம் தூக்கத்தை ஆல்கஹால் குறைத்துவிடும். ரத்தத்தில் அது இறங்க ஆரம்பிக்கும் பின்னிரவில் தூக்கம் துண்டு துண்டாக உடையும். தாகமும் சிறுநீரும் எழுப்பிவிடும். எட்டு மணி நேரம் தூங்க வாய்ப்புள்ளவர் மீதியில் ஈடுகட்டிக்கொள்ளலாம். இரண்டரைக்கு அலாரம் வைத்தவருக்கு மீதி எங்கே? அவருக்குக் கிடைத்த மூன்று, நான்கு மணி நேரமும் கல்லீரல் வேலை செய்துகொண்டிருந்த நேரம்.

பிறகு இதயம். கைக்கடிகாரத்தில் நாடித்துடிப்பைப் பார்க்கிறவர்கள் இதைத் தாங்களே பார்க்கலாம். குடித்த ராத்திரி, தூக்கத்திலும் துடிப்பு வழக்கத்தைவிட மேலேதான் இருக்கும். 1978-இல் அமெரிக்க மருத்துவர்கள் ‘ஹாலிடே ஹார்ட்’ என்று ஒரு பெயர் வைத்தார்கள். வேறு இதய நோய் எதுவும் வெளிப்படையாக இல்லாதவர்கள் வார இறுதியிலும் விடுமுறையிலும் நிறையக் குடித்துவிட்டு, தாளம் தப்பிய இதயத்தோடு மருத்துவமனைக்கு வந்ததைப் பார்த்து வைத்த பெயர். 2015-இல் மியூனிக் அக்டோபர்ஃபெஸ்ட் திருவிழாவில் 3,000-க்கும் மேற்பட்டவர்களை நின்ற இடத்திலேயே ஈசிஜி எடுத்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ 30 சதவீதம் பேருக்கு இதயத் துடிப்பு வழக்கத்துக்கு மாறாக இருந்தது. பெரும்பாலும் வெறும் படபடப்பு வேகம்தான். ஆனால் மூச்சில் ஆல்கஹால் ஏற ஏற அதுவும் ஏறியது. ஏற்கெனவே வேகமாக அடிக்கும் இதயத்திடம், நம் ஊர்ப் புழுக்கத்தில், நான்கைந்து மணி நேர வேலையைக் கேட்கிறோம். தோலுக்கும் ரத்தம் அனுப்ப வேண்டும், தசைக்கும் அனுப்ப வேண்டும். அதே வேகத்தில் ஓடினாலும் அன்றைக்கு அது கூடுதல் சுமை.

தம்பியின் முகம் சுருங்கியதைப் பார்த்து இதையும் சொன்னேன். முந்தின நாள் மாலை ஏழு மணிக்கு, வயிறு நிறையச் சோற்றோடு, 330 மில்லி சாதாரண பீர் ஒன்று குடித்துவிட்டு ஒன்பது மணிக்குப் படுத்த ஆரோக்கியமான ஆளின் ஓட்டத்தில் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியாது. அது உண்மை. இதைச் சொல்லாமல் மறைத்தால் மற்றதையும் நம்ப மாட்டார்கள். மது உடல்நலத்துக்கு முற்றிலும் பாதுகாப்பானது என்று சொல்லக்கூடிய அளவு எதுவுமே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்னதும் உண்மை. முதலாவது ஒரு நாள் காலையைப் பற்றியது, இரண்டாவது ஆயுளைப் பற்றியது. இரண்டையும் தெரிந்துகொண்டு அவரவர் முடிவெடுக்கலாம். என் கவலை, அந்த ஒரு சின்ன பாட்டிலைப் பற்றிப் படித்துவிட்டு, பத்து மணிக்கு இரண்டு ஸ்ட்ராங்கை முடிக்கிறவரைப் பற்றித்தான்.

“சரிண்ணா, யாராவது குடிச்சிட்டாங்க. காலைல எழுந்தாச்சு. என்ன பண்ணணும்?”

முதலில் மணிக் கணக்கைப் போட வேண்டும். 70 கிலோ ஆண் என்றால் கிராமை ஏழால் வகுத்து, குடிக்கத் தொடங்கிய நேரத்தோடு கூட்ட வேண்டும். இன்னும் முடியவில்லை என்றால் பைக்கைத் தொடக் கூடாது. தலை சுற்றல், வாந்தி, கை நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு இதில் ஒன்று இருந்தாலும் அன்று ஓடக் கூடாது. மாரத்தான் அடுத்த ஆண்டும் வரும்.

ஒன்றும் இல்லை, கணக்கும் முடிந்துவிட்டது என்றால், கிளம்புவதற்கு முன் கட்டாயம் எதையாவது சாப்பிட வேண்டும். இரண்டு இட்லி, இல்லாவிட்டால் ஜாம் தடவிய இரண்டு ரொட்டி, ஒரு வாழைப்பழம். ஓடும்போதும் அரை மணிக்கொரு முறை கொஞ்சம் இனிப்பு. டைமிங்கை அன்றைக்கு மறந்துவிட வேண்டும். கூட ஓடும் ஒருவரிடமாவது விஷயத்தைச் சொல்லிவைக்க வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ராத்திரி குடித்ததற்குப் பரிகாரமாகக் காலையில் லிட்டர் லிட்டராகத் தண்ணீர் குடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதுவும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது, 13 சதவீதம் பேருக்கு சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது அளவுக்கு மீறிக் குடித்து எடை கூடியவர்களிடம்தான் இது அதிகம். பீரில் உப்பு மிகக் குறைவு என்பதால், பீருக்கு மேல் வெறும் தண்ணீரை ஊற்றுவது நீர்த்ததை மேலும் நீர்ப்பதுதான். தாகத்துக்குக் குடித்தால் போதும். ஓஆர்எஸ் பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டரில் கலந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளலாம்.

தலைவலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது இன்னொரு தவறு. ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் குடித்த வயிற்றை அரிக்கும், நீண்ட ஓட்டத்தில் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தையும் குறைக்கும். தொடர்ந்து குடிக்கிறவர்களின் கல்லீரலுக்குப் பாராசிட்டமால் பாரம். மாத்திரை போட்டால்தான் ஓட முடியும் என்ற தலைவலி, ஓடாதே என்று சொல்லும் தலைவலி.

“அப்போ ரேஸ் முடிஞ்சப்புறம்?”

முடித்த கையோடு வேண்டாம். 1990-களில் பிரிட்டனில் ஒரு சோதனை செய்தார்கள். உடற்பயிற்சியால் வேர்த்து உடம்பின் நீரை இழந்தவர்களுக்கு, ஆல்கஹால் இல்லாத பானத்தையும் 1, 2, 4 சதவீதம் கலந்த பானங்களையும் வெவ்வேறு நாட்களில் கொடுத்தார்கள். 2 சதவீதம் வரை பெரிய வித்தியாசம் இல்லை. 4 சதவீதத்தில் சிறுநீர் அதிகமாகப் போனது, ரத்தத்தின் அளவு மீள்வது தாமதமானது. நம் ஸ்ட்ராங் அதைப் போல இரண்டு மடங்கு.

“பீர் ஓட்டக்காரர்களுக்கு நல்லது என்று மியூனிக்கில் கண்டுபிடித்தார்கள்” என்றும் சிலர் சொல்வார்கள். 2009 மியூனிக் மாரத்தானை ஒட்டி 277 ஆண்களிடம் நடந்த ஆய்வு அது. மூன்று வாரம் முன்பிருந்து இரண்டு வாரம் பின்பு வரை தினமும் ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் கோதுமை பீர் குடித்தவர்களுக்கு, ஓட்டத்துக்குப் பின் சளித் தொல்லையும் அழற்சியும் குறைவாக இருந்தன. ஆனால் அவர்கள் குடித்தது ஆல்கஹால் இல்லாத பீர். தானியத்திலும் ஹாப்ஸிலும் இருக்கும் பாலிஃபீனால்களுக்குக் கிடைத்த பாராட்டை, பாட்டிலில் இருக்கும் ஆல்கஹாலுக்குப் போட்டுக்கொள்ளக் கூடாது.

ஆகவே ஓடி முடித்ததும் உப்பும் தண்ணீரும், பிறகு சோறு, கொஞ்சம் தூக்கம். சிறுநீர் வெளிறிய மஞ்சளாகப் போன பிறகு, விருப்பமிருந்தால், மாலையில் ஒன்று. அன்று ராத்திரிக்கு அலாரம் கிடையாது.

டீ ஆறிப்போயிருந்தது. தம்பி கிளாஸைக் கீழே வைத்துவிட்டு விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். நான்கு மணியிலிருந்து பின்னோக்கி. மூன்று, இரண்டு, ஒன்று, பன்னிரண்டு என்று பத்தில் வந்து நின்றான். மறுகையால் போனை எடுத்தான்.

“மச்சான், உனக்கு ஃப்ளைட் எப்போ? திங்கக்கிழமை ராத்திரிதானே? அப்போ சனிக்கிழமை வேணாம்டா. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வெச்சுக்கலாம். எல்லாரும் வரட்டும், நானும் மெடலோட வரேன்.”

அந்தப் பக்கம் ஏதோ சத்தம் போட்டது. அவன் சிரித்தபடி சொன்னான். “இல்லடா, சாமியெல்லாம் இல்ல. காலைல நாலு மணிக்குக் கிளம்பணும். கணக்கு ஒத்துவரல.”